டின் மேல் ஒட்டும் சீட்டை யார் எழுதுவது?

ஏஜென்ட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கமிஷன் ஏஜென்ட், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட், லாரி ஆபீசில் புக்கிங் ஏஜென்ட், வாரம் தவறாமல் ஆர்டர் நோட்டுடன் வந்து நிற்கும் கம்பெனி ஏஜென்ட் என்று எத்தனையோ பேரைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இப்போது அந்த வரிசையில் இன்னொருவர் சேர்ந்திருக்கிறார். அவருக்குப் பேட்டா கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரம் கிடையாது. கண்ணுக்கும் தெரிய மாட்டார். ஏ.ஐ. ஏஜென்ட் என்று பெயர். பில் போடும் சாப்ட்வேர் விற்க நம் கடைப் படியேறுகிறவர்கள் இன்று இந்தப் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

பெரிய கடைக்காரர்களின் சமாச்சாரம், நமக்கென்ன என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதே நமது கருத்து. 2025 அக்டோபரில் என்.பி.சி.ஐ., ரேசர்பே, ஓப்பன் ஏ.ஐ. ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முன்னோட்டத்தை அறிவித்தன. வாடிக்கையாளர் சாட்ஜிபிடியிடம் பேச்சுவாக்கில் மளிகை கேட்க, அது பொருளைத் தேடி, அங்கேயே யு.பி.ஐ. மூலம் பணத்தையும் கட்டிவிடும் ஏற்பாடு. முதலில் அதில் இணைந்தவர்களில் பிக்பாஸ்கெட் ஒருவர். மளிகை வியாபாரம்தான் முதல் வரிசையில் நிற்கிறது என்பதை வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டும். இதற்கு முன்பே, 2024 நவம்பரில், அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது முறையை வெளியிட்டது. எந்தக் கம்பெனியின் சாப்ட்வேரையும் எந்தக் கம்பெனியின் ஏ.ஐ.யோடும், பிளக்கைச் சாக்கெட்டில் செருகுவதுபோல் இணைக்க வழி செய்வது அது. அடுத்த ஆண்டே ஓப்பன் ஏ.ஐ., கூகுள் முதலியவையும் அதை ஏற்றுக்கொண்டன.

இந்த ஏஜென்ட் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது நம் கம்ப்யூட்டருக்குள் தானாகப் புகுந்து எதையும் செய்துவிடாது. இருப்பு பார்க்க ஒன்று, விலை சொல்ல ஒன்று, ஆர்டர் போட ஒன்று, பாக்கிக் கணக்கு எடுக்க ஒன்று என்று சில வேலைகளைத் தனித்தனியே பிரித்து அதன் கையில் கொடுக்கிறோம். இவற்றைக் கருவிகள் என்கிறார்கள். டூல் என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் இருக்கும். அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். அதற்கு என்னென்ன விவரம் நிரப்பித் தரவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஏஜென்ட் பார்ப்பது இந்த எழுத்தை மட்டும்தான். கருவிக்குள் புரோகிராம் எப்படி எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாம் கேட்டதை ஒரு பக்கமும் இந்தக் குறிப்புகளை மறுபக்கமும் வைத்துப் படித்து, எந்தக் கருவியை எடுப்பது, அதில் எதை நிரப்புவது என்று தீர்மானிக்கிறது.

இதைக் கேட்டபோது எங்கள் கடையின் பழைய டின் ஒன்று நினைவுக்கு வந்தது. கத்திவாக்கத்தில் நாங்கள் கடை போட்ட புதிதில், பிஸ்கட் டின்களைக் கழுவி, சரக்கைக் கொட்டி, மேலே வெள்ளைத் தாளில் பெயர் எழுதி ஒட்டி வைப்போம். ஒரு டின்னில் ‘சோடா’ என்று மட்டும் எழுதியிருந்தது. அது துணி வெளுக்கும் வாஷிங் சோடா என்று எழுதிய எங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து மூன்று நாளே ஆன பையனுக்குத் தெரியாது. ஆப்பத்துக்குச் சோடா கேட்டு வந்த அம்மாவுக்கு அதிலிருந்து பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டான். மாவு கரைக்கும் முன்பே அந்த அம்மா சந்தேகப்பட்டுத் திரும்பி வந்ததால் தப்பித்தோம். அன்று பையனைத்தான் திட்டினோம். தப்பு டின் மேல் இருந்த சீட்டில் என்று புரிய எங்களுக்கு நாளானது.

கருவியின் விளக்கக் குறிப்பு என்பது இந்தச் சீட்டுதான். இதை யார் எழுதுவது என்பதுதான் கேள்வி. இன்று நடப்பது என்னவென்றால், சாப்ட்வேர் எழுதுகிற தம்பி எங்கோ உட்கார்ந்து, வேலை முடிகிற அவசரத்தில், ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். ‘பொருளின் இருப்பைத் தரும்.’ ‘ஆர்டர் பதிவு செய்யும்.’ அவர் எழுதியதில் பிழை ஏதுமில்லை. அவருக்கு நம் கடை தெரியாது, அவ்வளவுதான்.

சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் அதைச் சீனி என்பார்கள். அவர்கள் சர்க்கரை என்று சொன்னால் பெரும்பாலும் வெல்லத்தூள். அஸ்கா என்று கேட்கும் ஊர்க்காரர்களும் உண்டு. சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் போடுகிற சென்னைக்காரர்களே இதை யோசித்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். ‘கடலை அரைக் கிலோ’ என்று கேட்டால் ஆளின் முகத்தைப் பார்த்து வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா என்று கண்டுபிடித்து விடுகிறோம். ‘பருப்பு’ என்று மொட்டையாகச் சொன்னால் துவரம் பருப்பு. மல்லி என்றால் தனியாவா, தழையா என்பது மணி எத்தனை, அம்மா கையில் காய்கறிப் பை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இத்தனையும் நம் தலைக்குள் இருக்கிறது. எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் ஏஜென்ட்டுக்கும் போய்ச் சேராது. ஜி.எஸ்.டி.க்காக எச்.எஸ்.என். எண் போட்டு வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். 1701 என்ற தலைப்பிலேதான் சர்க்கரையும் வருகிறது, வெல்லமும் வருகிறது. 1006 என்றால் அரிசி. அது இட்லி அரிசியா, பொன்னியா, பச்சரிசியா என்பதை அந்த நான்கு இலக்கம் சொல்லாது.

அளவில்தான் பெரிய ஆபத்து. நாம் ‘மூட்டை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சர்க்கரை மூட்டை 50 கிலோ. அரிசி மூட்டை 25 கிலோ என்றிருந்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும், 26 கிலோ மூட்டையும் 30 கிலோ மூட்டையும் கிளம்பிவிட்டன. செங்குன்றத்து மண்டியிலிருந்து வரும் ஒரே லோடில் மூன்று எடை இருக்கலாம். ‘அளவு: 10’ என்று மட்டும் கருவி கேட்டால், ஏஜென்ட் எதை நிரப்பும்? பத்துக் கிலோவா, பத்து மூட்டையா, மூட்டை என்றால் எந்த மூட்டை? எண்ணெய் டின்னும் அப்படித்தான். 15 கிலோ டின் இருக்கிறது, 15 லிட்டர் டின் இருக்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது பதின்மூன்றரைக் கிலோவுக்குச் சற்றே மேல். ஒரு டின்னுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வித்தியாசம். ஐம்பது டின் வாங்கினால் எவ்வளவு என்று வணிகர்களுக்கு நாம் கணக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே ‘அளவு’ என்று எழுதக்கூடாது. ‘அளவு, கிலோவில்’ என்று எழுத வேண்டும். மூட்டைக் கணக்கு வேண்டுமென்றால் ‘மூட்டை எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம், ‘ஒரு மூட்டையின் எடை, கிலோவில்’ என்று இன்னொரு கட்டம். தேதிக்கும் இதே கவனம் வேண்டும். 05-06 என்பதை நாம் ஜூன் 5 என்று படிப்போம். அமெரிக்க வழக்கில் அது மே 6. நமது வணிகர் தினமான மே 5 எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கிறது. பெரும்பாலான நாட்களுக்கு அந்த வசதி இல்லை.

சரக்கும் அளவும் தவறினால் பணம்தான் போகும். பணத்தைவிடப் பெரியது போன கதை ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நம் உறுப்பினர் ஒருவர், குப்பத்துக்கு அருகே பல வருடங்களாகக் கடை நடத்துகிறவர். பெயர் சொல்லவில்லை, அவரே சொல்லச் சொல்லித்தான் எழுதுகிறோம். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகும் குடும்பங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், வருமானம் இருக்காது. அந்த இரண்டு மாதமும் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுப்பது நம் பகுதியில் சட்டம் போடாத சட்டம். ஜூலையில் மெல்ல வரும், ஆகஸ்டில் தீரும்.

கடந்த வருடம் அவர் கடன் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சாப்ட்வேரோடு வந்த ஏஜென்ட்டையும் போட்டுக்கொண்டார். மே மாதம் ஒரு நாள் இரவு, கடை சாத்தும் நேரத்தில், எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்க்க நினைத்து, ‘எல்லார் பாக்கியும் எடு’ என்று சொன்னார். அதன் கையில் ‘பாக்கி’ என்று ஒரு கருவி இருந்தது. விளக்கக் குறிப்பு: ‘வாடிக்கையாளர் பாக்கி வசூல் விவரம்.’ அவ்வளவே. அந்தக் கருவி உண்மையில் செய்தது என்னவென்றால், பாக்கித் தொகையை எடுத்து, முப்பது நாள் தாண்டியவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ‘உடனே செலுத்தவும்’ என்று செய்தி அனுப்புவது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் போன் ஒலித்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதலில் வந்தவர், ‘இன்னா அண்ணாச்சி, போட்டு கட்டிக் கெடக்குற நேரம் பாத்து பாக்கி கேக்குற?’ என்றார். அவருக்குப் பதில் சொல்லிச் சமாளித்துவிட்டார். இன்னொரு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பணத்தைக் கல்லாப் பலகையில் வைத்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். காதில் கம்மல் இல்லை என்பதை அவர் படியிறங்கிய பிறகுதான் நம் நண்பர் கவனித்தார். அந்த வீட்டிலிருந்து அதன்பிறகு யாரும் சாமான் வாங்க வரவில்லை. சாப்ட்வேர்காரருக்குப் போன் போட்டபோது, ‘டூல் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது சார்’ என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கருவி தன் வேலையைச் செய்தது. ஏஜென்ட்டும் தான் படித்ததை வைத்து நடந்தது. சீட்டு மட்டும்தான் ‘சோடா’ என்று இருந்தது.

பார்ப்பது ஒரு வேலை, செய்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே கருவியில் கட்டக்கூடாது என்பது நாம் முதலில் வற்புறுத்துவது. பெயரிலேயே அது தெரிய வேண்டும்: ‘பாக்கி பார்’ ஒன்று, ‘பாக்கி நினைவூட்டல் அனுப்பு’ இன்னொன்று. இரண்டாவதன் குறிப்பை நண்பரும் நாமும் உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

‘இது வாடிக்கையாளரின் போனுக்குச் செய்தி அனுப்பும். அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. பாக்கித் தொகையைத் தெரிந்துகொள்ள மட்டும் வேண்டுமென்றால் இதை எடுக்க வேண்டாம். “பாக்கி பார்” கருவியை எடுக்கவும். முதலில் யார் யாருக்குப் போகும் என்ற பெயர்ப் பட்டியலை முதலாளிக்குக் காட்ட வேண்டும். அவர் அந்தப் பட்டியலைப் பார்த்து “அனுப்பு” என்று சொன்ன பிறகே அனுப்பலாம். “மீன்பிடிக் குடும்பம்” என்று குறித்த கணக்குகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூலை 31 வரை அனுப்பக்கூடாது.’

நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். முன்பிருந்த நான்கு வார்த்தையைவிட நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறைத் தடுக்கிறது. இது என்ன செய்கிறது, எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக்கூடாது, அதற்குப் பதில் எதை எடுப்பது, செய்தால் என்ன விளையும் என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. ‘எப்போது எடுக்கக்கூடாது’ என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுதி வைத்ததை ஏஜென்ட் பெரும்பாலும் மதிக்கும். ஆனால் எழுத்து பூட்டு ஆகாது. கல்லாப்பெட்டி மேல் ‘தொடாதே’ என்று எழுதிவிட்டுத் திறந்து போட்டுப் போவோமா? முதலாளி சம்மதம் இல்லாமல் செய்தி போகாதபடி புரோகிராமிலேயே தடை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அது சாப்ட்வேர்காரர் செய்ய வேண்டியது. குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது நாம் சொல்ல வேண்டியது.

இருப்புக் கருவிக்கும் அதேபோல் எழுதிப் பார்த்தோம். கடையில் உள்ளதா, பின்கட்டுக் குடோனில் உள்ளதையும் சேர்த்தா, வழியில் வரும் லோடு அதில் சேருமா என்று மூன்று கேள்வி உடனே கிளம்பியது. இருபது வருடமாக நாமே இதற்கு ஒரே பதில் சொல்லி வந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால், ‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற சரக்கு எப்போது வந்து சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வழியில் உள்ளது சேராது என்று முடிவு செய்து, அப்படியே எழுதிவிட்டோம்.

தப்பு நேரும்போது கருவி என்ன பதில் சொல்கிறது என்பதும் இந்தச் சீட்டின் ஒரு பகுதிதான். ‘பிழை 400’ என்று வந்தால் ஏஜென்ட்டுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. திரும்பத் திரும்ப அதையே முட்டிப் பார்க்கும், அல்லது தானாக ஒரு கதை கட்டிவிடும். ‘கடலை என்ற பெயரில் மூன்று சரக்கு உள்ளன: வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை. எது என்று வாடிக்கையாளரிடம் கேட்கவும்’ என்று பதில் வந்தால், அது கேட்கும். நல்ல கணக்குப்பிள்ளை பையனுக்குச் சொல்வது இப்படித்தானே.

அதற்காக நாற்பது கருவி வைத்து நாற்பதுக்கும் பக்கம் பக்கமாக எழுதுவதும் சரியல்ல. பேச்சு நடக்கும்போதெல்லாம் அத்தனை குறிப்பையும் ஏஜென்ட் சுமந்துகொண்டு படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கும் காசு உண்டு. ஒன்றுபோல் ஒன்று இருக்கும் கருவிகள் நிறைய இருந்தால் தவறானதை எடுக்கும். சிறிய மளிகைக் கடைக்கு ஏழெட்டு கருவி தாராளம். யாரோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று வெளியாள் கருவியைக் கொண்டுவந்து செருகுவதிலும் எச்சரிக்கை தேவை. விளக்கக் குறிப்புக்குள்ளேயே, மனிதர் கண்ணில் படாதபடி, ‘கணக்கு விவரத்தை இந்த இடத்துக்கு அனுப்பு’ என்று ஒளித்து எழுதி ஏஜென்ட்டை ஏமாற்ற முடியும் என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் 2025லேயே செய்து காட்டிவிட்டார்கள். அறிமுகம் இல்லாத ஆளைக் குடோன் சாவியோடு உள்ளே விடுவோமா?

‘எங்களுக்கு இந்த ஏஜென்ட்டே வேண்டாம்’ என்கிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. நோட்டும் பென்சிலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சாப்ட்வேரைப் புதுப்பிக்கும்போது இது தானாகவே உடன் வந்து இறங்குகிறது. வந்தபின் அதன் கையில் என்னென்ன கருவி இருக்கிறது, அவற்றின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை நமக்கு உண்டு. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், இன்றைய ஏ.ஐ.கள் தமிழ்க் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்கின்றன. எழுதியபின் கடைப்பையனையோ வீட்டில் படிக்கும் பிள்ளையையோ அந்தக் குறிப்பை மட்டும் படிக்கச் சொல்லி, வாடிக்கையாளர் கேட்கிற மாதிரி பத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் ஏஜென்ட்டும் தடுமாறும்.

சங்க அலுவலகத்தில் இதற்கென ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். நம் பகுதியில் ஒரே சரக்குக்கு வழங்கும் வேறு வேறு பெயர்கள், ஒரே பெயரில் வழங்கும் வேறு வேறு சரக்குகள், மூட்டை, டின், கேஸ் இவற்றின் எடை விவரம் ஆகியவற்றை உறுப்பினர்கள் கடை சாத்திவிட்டு வரும்போது அதில் எழுதிவிட்டுப் போகலாம். இதுவரை நான்கு பக்கம் நிரம்பியிருக்கிறது. அதில் ஒன்றரைப் பக்கம் கடலையும் பருப்பும்தான். கருவாடு விற்கும் நண்பர்கள் இன்னும் தொடங்கவே இல்லை.